ஏழாம் நம்பர் மலையில் கத்திய செயற்கைக்கோள்

அத்தியாயம் 11

“செத்த மனுசன் சட்டைப் பையில நாலு புது பெட்டரி. டோச் இல்ல. நேரமோ பின்னேரம் நாலு மணி, பட்டப்பகல். இது என்ன கூத்து, கண்டாக்கையா?”

தலவாக்கலையைத் தாண்டி வட்டகொடைப் பக்கம் ஏறும் வளைவில் த்ரீவீலரைத் திருப்பிக்கொண்டே கேட்டாள் நிஷாந்தி. பின்னால் இருந்த செல்லசாமி, மடியில் கிடந்த தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பிக்குள் மூக்கைப் புதைத்திருந்தார்.

“காது கேக்குதுங்களா? இல்ல அதையும் தோட்டத்துலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?”

“ரோட்டப் பாத்து ஓட்டு புள்ள.”

செல்லசாமி இருபத்திரண்டு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கண்டாக்கு வேலை பார்த்தவர். மலை மலையாக ஏறி இறங்கி ஆட்களிடம் வேலை வாங்கும் உத்தியோகம். ஒரு நாள் தோட்டத்து மனேஜர் தொரையோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து, ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேலே துப்பறியும் அலுவலகம் போட்டுவிட்டார். தேயிலைச் செடியைத் தவிர வேறெதையும் அவர் அன்போடு பார்த்து நிஷாந்தி கண்டதில்லை. மனிதர்களைப் பார்த்தால், கொழுந்துக் கூடையில் ஈரத்துக்கு எத்தனை கிலோ கழிக்கலாம் என்ற அதே பார்வைதான். நிஷாந்தி அவருடைய உதவியாளர், சாரதி. அவருக்குச் சேர்த்து அவள்தான் பேசவும் வேண்டியிருந்தது.

முதல் நாள் சிவகௌரி என்ற பெண்மணி அலுவலகத்துக்கு வந்து ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். செத்துப்போன கணவர் குகநேசனின் சாமான்கள். பொலிஸ் திருப்பிக் கொடுத்த மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், நாலு நீல நிற பெட்டரி. அவற்றோடு அவருடைய சீ.ஆர். கொப்பியும், கைக்கு அடக்கமான ஒரு ரேடியோவும்.

குகநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவர். ஐம்பத்தேழு வயது, பிள்ளைகள் இல்லை. நாற்பத்தைந்து வருடத்துக்கு முன் யாரோ மேலே அனுப்பிவிட்டு மறந்துபோன ஒரு செயற்கைக்கோள்தான் அவருடைய பைத்தியம். அதற்கு ‘கிழவி’ என்று பெயரும் வைத்திருந்தார். கிழவி பூமியை வட்டமாகச் சுற்றுகிறவள் இல்லை. முட்டை வடிவப் பாதை. ஒரு முனையில் அறுநூறு கிலோமீற்றர் கிட்ட வந்து, பத்து நிமிடத்தில் வானத்தைக் கடந்து ஓடிவிடுவாள். மறு முனையில் முப்பத்தைந்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் போய், மணிக்கணக்காக அசைந்தும் அசையாமல் தொங்குவாள். பெட்டரி எப்போதோ செத்துவிட்டது. தகட்டில் வெயில் பட்டால் மட்டும் ‘கீ... கீ...’ என்று முனகுவாள் என்று பேச்சு. அந்த முனகலும் நின்று பன்னிரண்டு வருடம். அப்படிப்பட்ட ஊமைக்குத்தான் மனிதர் ஒன்பது வருடமாகக் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தார்!

இந்த ஜனவரியில் கிழவி வாய் திறந்தாள். குகநேசன் உலகத்துக்கே அறிவித்தார். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் பிரேசிலிலும் இருக்கும் அவரைப் போன்ற பைத்தியங்கள் ஆளுக்கொரு அன்டெனாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருவருக்கும் ஒரு மண்ணும் கேட்கவில்லை. பிறகென்ன, இணையத்தில் கேலி. அது முடிந்து தோட்டத்தில் கேலி. வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பிள்ளைகள் ‘கீ... கீ...’ என்றார்கள். ஓகஸ்டில் ஒரு மழைப் பின்னேரம், வீட்டுக்கு எதிரே இருக்கும் ஏழாம் நம்பர் மலை உச்சிப் பாறைக்குக் கீழே செத்துக் கிடந்தார்.

அவமானம் தாங்காமல் குதித்தார் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வழுக்கி விழுந்தார் என்று பொலிஸ் எழுதி மூடிவிட்டது. இரண்டில் எது உண்மை? சிவகௌரிக்கு அது தெரிந்தாக வேண்டும், அதுவும் நாலு நாளுக்குள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. சாம்பலைக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டும்.

“குதிச்சவர் எண்டால் நான் அந்தச் சாம்பலைத் தொடமாட்டன், ஐயா. எனக்கு அந்த உரித்து இல்லை,” என்று சொல்லியிருந்தாள்.

ஏன் உரித்து இல்லை என்று நிஷாந்தி கேட்க வாயெடுத்தாள். செல்லசாமி அவள் காலை மிதித்துவிட்டார்.

*

வாத்தியார் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரே ஒரு செவ்வரத்தைச் செடி. அடுக்கடுக்காக இதழ் வைத்த சிவப்புப் பூ, தலை கொள்ளாமல் பூத்திருந்தது. பக்கத்துக் கொய்யா மரக் கிளையில் வெள்ளைத் துணி சுற்றிய மண்முட்டி தொங்கியது. சாம்பல். வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று வெளியே கட்டியிருந்தாள்.

“பூ வடிவா இருக்கும்மா. இந்தப் பக்கம் நான் இப்படி அடுக்குப் பூ பாத்ததே இல்லையே?” என்றாள் நிஷாந்தி.

“ஊரிலை இருந்து தடி கொண்டு வந்து நட்டனான். இந்தத் தோட்டத்திலை வேறை ஆரிட்டையும் இல்லை. இருங்கோ, தேத்தண்ணி ஊத்துறன்.”

சிவகௌரி ஒல்லி. ஐம்பது வயது இருக்கும். அழுது களைத்த முகம் இல்லை அது. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற முகம்.

செல்லசாமி கொப்பியை மேசையில் விரித்தார். “இது யாரு எழுத்தும்மா?”

“என்ரை. அவர் காதிலை மாட்டிக்கொண்டு இருந்து இலக்கம் சொல்லுவார். நான் எழுதுவன். ஒன்பது வருசமா அப்பிடித்தான்.”

“இந்த ‘சுருதி’ன்னு ஒரு வரிசை இருக்கே?”

“அது சத்தத்தின்ரை உயரம். ரெயில் ஸ்டேஷனுக்கு வரேக்கை கூவுற சத்தம் மேலை நிக்கும், தாண்டிப் போகேக்கை கீழை இறங்கும், கவனிச்சிருப்பியள். கிழவியும் அப்பிடித்தான். கிட்ட வரேக்கை கூட, விலகேக்கை குறைய. கிட்ட ஓடேக்கை கடகடவெண்டு இறங்கும். தூரத்திலை நிக்கேக்கை ஒண்டு ஒண்டா இறங்கும். ஆனா இறங்காமல் விடாது.”

“ஜனவரி மொத நாள்ல இருந்தே இறங்குதே.”

“ஓம். முதல் நாளிலை இருந்து.”

நிஷாந்தி கொப்பியைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினாள். ஜூன் 23. அந்தப் பக்கத்தில் மட்டும் எழுத்து ஊறிப் பரவியிருந்தது. “இது என்னம்மா, தேத்தண்ணி ஊத்திருச்சா?”

சிவகௌரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அண்டைக்கு மத்தியானம் ஒண்டரைக்கு ஊரிலை இருந்து போன் வந்தது. அம்மா கடைசிக் கட்டத்திலை, உடனை வெளிக்கிடு எண்டு. இவர் சொன்னார், கிழவி தூரக் கோடியிலை நிக்கிறாள், இண்டைக்கு விட்டால் இப்பிடி மூண்டரை மணித்தியாலம் தொடர்ந்து கேக்க ஏலாது, எழுதி முடிச்சிட்டுப் போ எண்டு. ரெண்டு ஐஞ்சிலை இருந்து ஐஞ்சு முப்பத்தைஞ்சு மட்டும் எழுதினன். யாழ்ப்பாண பஸ் வெளிக்கிட்டுப் போட்டுது. அடுத்த நாள் பின்னேரம் போய்ச் சேரேக்கை அம்மாவை எடுத்திட்டினம். முகம் பாக்கேல்லை.”

செத்தவனை அந்தப் பாறையில் ஏற்றி இன்னொரு தரம் தள்ளிவிடலாம் போல இருந்தது நிஷாந்திக்கு.

செல்லசாமியோ கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து அடுத்த பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு பின்னோக்கிப் புரட்டி, மே மாதத்தில் விரலை ஊன்றினார். “மே ஆறுல இருந்து இருபது வரைக்கும் சத்தம் இல்ல. காரணம், பூமியின் நிழல். இதுவும் அவரு சொன்னதா?”

“ஓம். அவர் சொல்லித்தான் எழுதினன்.”

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். எதிரே ஏழாம் நம்பர் மலை. சுற்றியிருந்த மலைகளெல்லாம் இடுப்பளவு பச்சை. அது மட்டும் முழங்கால் உயரத்தில், இளந்தளிர் விட்டுக்கொண்டு நின்றது.

“நிஷாந்தி, கெளம்பு.”

“தேத்தண்ணி?”

“ஆறட்டும்.”

*

முத்துலிங்கம் அந்தத் தோட்டத்துக் கவ்வாத்துக் கங்காணி. வளர்ந்த தேயிலைச் செடிகளைக் கத்தியால் முழங்காலளவுக்கு வெட்டி இறக்குகிற ஆண்கள் கூட்டத்துக்குத் தலைவர். ரோட்டோரத்தில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தவர், பழைய கண்டாக்கைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“ஏழாம் நம்பர் எப்ப வெட்டுனீங்க, கங்காணி?”

“மே மாசங்க. ஆறாந் தேதி கத்தி வச்சோம். நடுவுல வெசாக் லீவு. இருபதாந் தேதி முடிச்சுட்டோம்.”

நிஷாந்தி நின்ற இடத்திலேயே நின்றாள். மே ஆறு. மே இருபது.

“அடக் கடவுளே! ஆகாயத்துல போறவளுக்கு ஏழாம் நம்பர்ல கவ்வாத்துன்னா லீவா? அவளும் உங்க செக்ரோல்ல பேர் பதிஞ்சிருக்காளா, கண்டாக்கையா?”

“கிழவி மேல இல்ல புள்ள. இந்த மலையில செடிக்குள்ள உக்காந்து கத்திருக்கா. கவ்வாத்து வருதுன்னு தெரிஞ்சதும் ஒரு கை வந்து தூக்கிட்டுப் போயிருக்கு. முடிஞ்சதும் திரும்பக் கொண்டு வந்து வச்சிருக்கு.” செல்லசாமி மலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “ஆனா எங்க வச்சுச்சு? வெட்டுன மலையில ஒரு கோழிக் குஞ்சு ஒளிய எடம் இல்ல. வெட்டி விழுந்த மிலாறுக் குச்சியக் கூட வெறகுக்குக் கட்டிட்டுப் போயிருவாங்க. கங்காணி, கவ்வாத்து முடிஞ்ச பெறகு நம்ம ஆளுங்க கை வைக்காத எடம் எது?”

முத்துலிங்கம் தலையைச் சொறிந்தார். “சாமி எடந்தாங்க.”

மலை உச்சியில், பாறையை ஒட்டி, ஒற்றை மரத்தின் கீழே கவ்வாத்துச் சாமி. சாமி என்றால் சிலை கிலை ஒன்றும் இல்லை. ஒரு கறுத்த கல், பக்கத்தில் குத்திவைத்த தேய்ந்த கத்தி. கத்தி வைக்கிற முதல் நாள் சாராயமும் சுருட்டும் ஊற்றி வைத்து, சேவல் அறுப்பார்கள். அதோடு அடுத்த கவ்வாத்து வரைக்கும், நாலு வருடத்துக்கு, அந்தப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பெண்கள் போவதே இல்லை.

“ஒண்ணு சொல்லணும்யா. சொன்னா தொரை திட்டுவாருன்னு பேசாம இருந்துட்டேன்,” என்று முத்துலிங்கம் குரலைத் தாழ்த்தினார். “மே கடைசில மறந்து வச்ச கத்திய எடுக்க மேல போனா, சாமி முன்னால பூ. செவந்த பூ, அடுக்கடுக்கா எதழு. எங்களுக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. அந்தச் சாமிக்குப் பூ ஆகாதுங்க! தோட்டத்துல பொறந்த புள்ள ஒண்ணுகூட அந்த வேலை செய்யாது. அப்பறம் தூரத்துல நின்னு பாத்தோம், ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா புதுப் பூ இருந்துச்சு. ஜூன் கடைசிக்கு அப்பறம் இல்ல.”

நிஷாந்தி திரும்பிப் பார்த்தாள். கீழே, குவார்ட்டர்ஸ் வாசலில், சிவப்பு ஒரு புள்ளியாய்த் தெரிந்தது.

“கண்டாக்கையா... நம்மளக் கூட்டிட்டு வந்தவங்களேவா?”

“ஏறு.”

“அம்மாடி, பொம்பளைங்க மேல...” என்று முத்துலிங்கம் இழுத்தார்.

“சாமி கேட்டா டிரைவர்னு சொல்லிடுங்க,” என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வரவில்லை.

கல்லுக்குப் பின்னால், மரவேரின் பொந்துக்குள், பொலித்தீன் சுற்றிய ஒரு பெட்டி. சவர்க்காரக் கட்டி அளவு. ஒரு முழம் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. மூடியில் மையால் எழுதிய எழுத்து: ‘சோதனைப் பெட்டி. கு. 2016.’ உள்ளே நாலு நீல நிற பெட்டரி. நாலும் செத்தவை.

செல்லசாமி பையிலிருந்து குகநேசனின் நாலு பெட்டரியை எடுத்தார். அதே நீலம். ஒன்றுக்குப் பதில் ஒன்றாக மாற்றிப் போட்டார். நிஷாந்தியின் கையிலிருந்த ரேடியோ உடனே உயிர் பெற்றது.

கீ... கீ... கீ...

உலகமே தேடிய கிழவி, பொந்துக்குள்ளிருந்து பூனைக்குட்டி மாதிரிக் கத்தினாள்.

“சுருதி என்ன காட்டுது?”

நிஷாந்தி ரேடியோவின் சின்னத் திரையைப் பார்த்தாள். “ஆயிரத்து இருநூறு.”

“பாத்துட்டே இரு.”

பார்த்தாள். ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. காலில் அட்டை ஏறியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து இருநூறு. ஒரு இலக்கம் கூட இறங்கவில்லை. இறங்குவதெப்படி? பொந்துக்குள் இருக்கும் பெட்டி எங்கே வருகிறது, எங்கே போகிறது?

“அப்ப அந்தக் கொப்பியில இறங்குதே... மொத நாள்ல இருந்து இறங்குதே...” அவள் மெல்ல நிமிர்ந்தாள். “அவரு கேட்டதச் சொல்லல. கணக்குப் போட்டு வச்சிருந்ததச் சொல்லிருக்காரு.”

“தன் கையால செஞ்ச பெட்டி. அது கத்துனா அவருக்குத் தெரியாதா? மொத நாளே தெரிஞ்சிருக்கு. யாரு எடுத்து வச்சதுன்னும் தெரிஞ்சிருக்கு. வீட்டுல இருந்தது ரெண்டே பேர்.” செல்லசாமி பாறை விளிம்பைக் காட்டினார். பொந்துக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு எட்டுத்தான் இடம், பாசி பிடித்த இடம். “ஜூனுக்கு அப்பறம் அந்தம்மா வர்றத நிறுத்திட்டாங்க. பெட்டி சாகக் கூடாதுன்னு இவரு வந்து பெட்டரி மாத்திருக்காரு. அன்னைக்கு மழை. வழுக்கிருச்சு. குதிக்கப் போறவன் புது பெட்டரி வாங்கிட்டு வரமாட்டான்.”

மேகம் ஏறிவந்து இருவரையும் நனைத்தது. நிஷாந்தி அவர் கையைப் பிடித்தாள். அப்படி ஒரு நாளும் பிடித்ததில்லை.

“கண்டாக்கையா, கும்பிட்டுக் கேக்குறேன். வழுக்கிட்டாருன்னு மட்டும் சொல்லுங்க. மீதிய அந்தம்மாகிட்ட சொல்லாதீங்க. ஜூன் இருபத்து மூணு நெனவிருக்கா உங்களுக்கு?”

“இருக்கு.”

“அப்ப சொல்ல மாட்டீங்கல்ல?”

“கேட்டா சொல்லுவேன்.”

*

பெட்டியை மேசையில் வைத்தார் செல்லசாமி. சிவகௌரி அதைப் பார்த்தாள். இது என்ன என்று கேட்கவில்லை. அந்த ஒன்றே போதும்.

“கண்டுபிடிச்சிட்டியள்,” என்றாள்.

“ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?”

நிஷாந்திதான் கேட்டாள். திட்டத்தான் நினைத்தாள். குரல் கெஞ்சலாக வந்தது.

“டிசம்பரிலை அவருக்கு யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் வந்தது. மூண்டாம் தரம். வேண்டாம் எண்டு எழுதப் போறன் எண்டார். இந்த மலையிலைதான் வானம் துப்பரவாக் கேக்குமாம். அம்மா அங்கை படுக்கையிலை. நான் அழுதன், சாப்பிடாமல் கிடந்தன், ஒண்டும் சரிவரேல்லை. உலகத்துக்கு முன்னாலை அவமானப்பட்டால் எண்டாலும் ரேடியோவை எறிஞ்சுபோட்டு வீட்டை வருவார் எண்டு நினைச்சன். ரேடியோ சரியாக் கேக்குதோ எண்டு பாக்க அவர் முந்திச் செய்த இந்தப் பெட்டி அலுமாரிக்குக் கீழை கிடந்தது. முதல் தேயிலைக்கை வைச்சன். வெட்டப் போகினம் எண்டோடனை எடுத்தன். பிறகு கல்லுக்குப் பின்னாலை. ஆரும் கண்டால் கும்பிட வந்தனான் எண்டு சொல்லப் பூவும் கொண்டு போனன்.” அவள் வறட்டுச் சிரிப்புச் சிரித்தாள். “அவமானமும் பட்டார். ஆனா வரேல்லை. கிழவி முழிச்சிட்டாள், இந்த நேரம் எப்பிடிப் போறது எண்டு எழுதி, மாற்றத்தை ரத்துச் செய்விச்சிட்டார். பெட்டியை நிப்பாட்டினால் அவருக்கு விளங்கியிடும் எண்ட பயத்திலை விட்டிட்டன். அம்மா செத்தாப் பிறகு மனம் விட்டுப்போச்சு. நான் பிறகு போகவே இல்லை. அதுக்குப் பிறகும் அவர் சத்தம் கேக்குது எண்டு இலக்கம் சொன்னார். உண்மையாவே கிழவி எழும்பிட்டாளாக்கும் எண்டு நடுங்கிப்போனன்.”

அவள் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். “அவரின்ரை பையிலை பற்றரியைக் கண்டோடனை எனக்கு விளங்கியிட்டுது. அண்டைக்குத்தான் பெட்டியைக் கண்டிருக்கிறார். என்ரை வேலை எண்டு விளங்கி, தாங்கேலாமல் குதிச்சிட்டார். அப்பிடித்தானே, ஐயா? நான்தானே கொண்டனான்?”

“இல்லம்மா. குதிக்கல. வழுக்கித்தான் விழுந்தாரு.”

சிவகௌரியின் தோள் இறங்கியது. இருபத்தேழு நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சு ஒரேயடியாக வெளியே வந்தது. கண் நிறைந்தது. அந்த முகம் அப்போது எவ்வளவு அழகாக இருந்தது என்று நிஷாந்தி பிறகு பல நாள் நினைத்துக்கொள்வாள்.

“வாங்க, போவோம்,” என்று செல்லசாமியின் சட்டையை இழுத்தாள். “நேரமாச்சு.”

“அது எப்பிடித் தெரியும்?” என்றாள் சிவகௌரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நம்ப ஆசைப்பட்டுக் கேட்டாள். பாவி, அவளே கேட்டுவிட்டாள்.

செல்லசாமி பழைய பெட்டரிகளை மேசையில் உருட்டினார். “நீங்க போட்டது என்ன நிறம்மா?”

“சிவப்பு. எப்பவும் சிவப்புத்தான் வாங்கிறனான்.”

“உள்ள இருந்தது நீலம். அவரு பையில இருந்ததும் நீலம். அவரு கண்டுபிடிக்கப் போகலம்மா. மாத்தப் போனாரு.”

அவள் அந்த நாலு நீலத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். செல்லசாமி ரேடியோவை அவள் முன்னால் நகர்த்தினார். கீ... கீ... ஆயிரத்து இருநூறு. பிறகு கொப்பியின் ஜனவரிப் பக்கத்தை விரித்தார். அவளுடைய கையெழுத்து. ஆயிரத்து முந்நூற்று நாற்பது, ஆயிரத்து முந்நூற்றுப் பத்து, ஆயிரத்து இருநூற்று எழுபது.

ஒன்பது வருடம் இலக்கம் எழுதியவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு நாளும் பெட்டியின் இலக்கத்தைத் தான் ஒரு தரம் கூடப் பார்க்கவில்லையே என்று அவள் உதடு மட்டும் அசைந்தது. எழுதும்போது ரேடியோ அவர் பக்கம் அல்லவா திரும்பியிருக்கும்!

அவள் தானாகவே கொப்பியைப் புரட்டினாள். ஜூன் 23. நிஷாந்தி எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டாள். பார்க்க முடியவில்லை.

“ஆயிரத்து இருநூற்று அறுபத்திரண்டு,” என்று சிவகௌரி வாசித்தாள். “அறுபத்தொண்டு. ஐம்பத்தொன்பது.” ஊறிப்போன எழுத்தின் மேல் விரல் ஓடியது. “மூண்டரை மணித்தியாலம். இருந்து இருந்து ஒவ்வொண்டாச் சொன்னவர். என்ரை பெட்டி எண்டு தெரியும். எனக்கும் தெரியும் எண்டு தெரியும்.”

“பெட்டிய வச்சது நான்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிருந்தா அன்னைக்கே போயிருக்கலாம்,” என்றார் செல்லசாமி. “அந்த வார்த்தைய வாங்கத்தான் அவரு உக்கார வச்சிருந்தாருன்னு நெனக்கிறேன்.”

“நீங்க எல்லாம் மனுசனா?” என்று நிஷாந்தி கத்திவிட்டாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே நிச்சயமில்லை.

சிவகௌரி அழவில்லை. எழுந்தாள். பெட்டியை எடுத்துப் பொலித்தீனைப் பழையபடி சுற்றினாள். வாசலுக்குப் போய்க் கொய்யா மரத்தில் தொங்கிய முட்டியை அவிழ்த்து, இடுப்பில் தண்ணீர்க் குடம் வைப்பது போல வைத்துக்கொண்டாள். செவ்வரத்தையைத் திரும்பியும் பார்க்காமல் ஏழாம் நம்பர் மலையில் ஏறத் தொடங்கினாள். முத்துலிங்கம் குறுக்கே வந்தார். அவள் முகத்தைப் பார்த்தவர், வழி விட்டார்.

கல்லுக்குப் பின்னால் பொந்து. முட்டியை உள்ளே தள்ளினாள். அதன் வாயோடு ஒட்டிப் பெட்டியை வைத்தாள்.

“அம்மா... கீரிமலை...” மூச்சிரைக்க ஏறிவந்த நிஷாந்தி தடுமாறினாள்.

“அவர் ஊருக்கு வரமாட்டன் எண்டவர். இந்த மலைதானே வேணும் எண்டவர். இருக்கட்டும்.” கையிலிருந்த மண்ணைச் சேலையில் துடைத்தாள். “புதுப் பற்றரி. பதினாலு நாளைக்குக் கத்தும். காதோடை வைச்சிருக்கிறன், கேக்கட்டும்.”

நிஷாந்தியின் ஒரு கையில் ரேடியோ, மறு கையில் கொப்பி. எதற்கு இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கீழே வட்டகொடை ஸ்டேஷனை ரெயில் ஒன்று கூவிக்கொண்டு தாண்டியது. சத்தம் உயர்ந்து, தாழ்ந்து, அடங்கியது.

சிவகௌரி அது அடங்கும் வரை நின்று கேட்டாள். பிறகு ரேடியோவின் திரையைக் குனிந்து பார்த்தாள்.

“பேனை இருக்கோ, தங்கச்சி? எழுதுங்கோ. நேரம் நாலு பத்து. சுருதி ஆயிரத்து இருநூறு. கீழை இன்னொரு வரி. இனி மாறாது.”

நிஷாந்தி எழுதினாள்.